ஒரு படி இறங்கினோம்

ஏறுவதற்கு ஆசைப்படாத மனிதர் உலகில் அரியர். சிறிய வீட்டில் இருப்பவர் பெரிய வீட்டையும், துவிச்சக்கர வண்டியிற் செல்பவர் மோட்டார் வண்டியையும், எழுதுவினைஞராய் இருப்பவர் அதற்கு மேற்பட்ட பதவியையும் நாடுவது இயல்பே. ஆனால், தாமாகவே விரும்பி ஒரு படி கீழே இறங்கியவரை நீங்கள் கண்டதுண்டா? நாம் இறங்கினோம். பதவியில் அன்று, எமது வீட்டுக் கணினியின் விடயத்தில். ஏறுவதிலும் இறங்குவதே கடினம் என்பதையும், இறங்கும் வேளையிலேதான் எம்மிடம் உண்மையில் என்ன உள்ளது என்பது தெரிய வரும் என்பதையும் அன்று கற்றுக்கொண்டோம். ஆகையால் அக்கதையை வாசகர்களுக்குக் கூறத் துணிந்தோம்.

எம் மகள் க.பொ.த. உயர்தர வகுப்பிலே தகவல் தொடர்பாடல் தொழினுட்பத்தை ஒரு பாடமாகக் கற்பவள். கணினியின்றி அப்பாடத்தைக் கற்பது நீரில் இறங்காமல் நீச்சல் பழகுவதை ஒக்கும். 2022ஆம் ஆண்டில் ரூபாவின் பெறுமதி வீழ்ந்தபின், புதிய கணினியின் விலை எம் போன்ற ஆசிரியர்களின் கைக்கு எட்டாததாயிற்று. எனவே 2024 தை மாதத்தில், பட்டணத்துக் கடையொன்றிலே பிறர் பாவித்த மடிக்கணினி ஒன்றை வாங்கினோம். கடைக்காரர் அதன் மூடியைத் திறந்து காட்டி, "மாஸ்டர், இதில் இருப்பது சாதாரண விண்டோஸ் இல்லை. என்டர்பிரைஸ் பதிப்பு. பெரிய பெரிய கம்பனிகளில் இருப்பது. உங்களுக்காக மேலதிகக் காசு எதுவும் எடுக்கவில்லை" என்றார்.

மேலதிகக் காசு எடுக்கவில்லை என்ற சொல்லே எம்மை எச்சரித்திருக்க வேண்டும். எச்சரிக்கவில்லை. மாறாக, பெரிய கம்பனிகளுக்குரிய பொருள் எமது ஓட்டு வீட்டுக்கு வந்துவிட்டதே என்ற பெருமிதம் மேலிட்டது. அயல் வீட்டாரிடமும் இரண்டொரு முறை அதைப்பற்றிப் பேசினோம் என்பதை இங்கு ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

பதிப்பு என்பது யாது என்று சிலர் வினவக்கூடும். கணினி என்னும் இயந்திரத்துக்கும் அதனைப் பாவிக்கும் மனிதனுக்கும் இடையே நின்று, ஏவலைக் கேட்டு வேலையை நடத்துவிப்பது பணிசெயல் முறைமை. விண்டோஸ் அத்தகையதொரு முறைமை. விண்டோஸ் 10, விண்டோஸ் 11 என்பன காலத்துக்குக் காலம் வந்த வெளியீடுகள். ஒவ்வொரு வெளியீட்டுக்குள்ளும் பல பதிப்புகள் உண்டு. 2001ஆம் ஆண்டில் வெளிவந்த எக்ஸ்பி, வீட்டுக்கு ஹோம் என்றும் அலுவலகத்துக்குப் புரொபெஷனல் என்றும் வந்தது. 2009இல் வந்த விண்டோஸ் 7, ஸ்டார்ட்டர் முதல் அல்டிமேட் வரை ஆறு பதிப்புகளாகப் பெருகியது. இன்று விண்டோஸ் 11 இலே வீட்டுக்கு ஹோமும், தொழில் செய்வோருக்குப் புரோவும், பெரிய நிறுவனங்களுக்கு என்டர்பிரைஸும் உள்ளன. யாழ்தேவி புகைவண்டியை நினைத்துப் பாருங்கள். முதலாம் வகுப்பாயினும் மூன்றாம் வகுப்பாயினும் இழுப்பது ஒரே எஞ்சின். போய்ச் சேருவதும் ஒரே நிலையம். ஆசனமும் வசதியுமே வேறு. பதிப்பும் அத்தகையதே.

ஆறு மாதங்கள் குறைவின்றிக் கழிந்தன. ஆடி மாதம், நல்லூர்க் கொடியேற்றம் நெருங்கிய நாட்களில் ஒரு மாலை, மகள் எம்மை அழைத்தாள். திரையின் வலப்பக்கக் கீழ் மூலையிலே, சாம்பல் நிறத்திற் சில எழுத்துகள் தோன்றியிருந்தன. விண்டோஸைச் செயற்படுத்துக என்பது அவற்றின் கருத்து. கட்டுரை எழுதினாலும், படம் பார்த்தாலும், பாடம் படித்தாலும் அவ்வெழுத்துகள் எல்லாவற்றின்மேலும் நின்றன. திரையின் பின்னணிப் படத்தை மாற்றவும் இயலவில்லை. வகுப்பிலே தன் செயற்றிட்டத்தைப் பெரிய திரையிற் காட்ட வேண்டிய நாள் வந்தபொழுது, அந்த மூலையைத் தோழியர் காண்பார்களே என்று மகள் நாணினாள்.

காரணம் பின்னர் விளங்கிற்று. பெரிய நிறுவனங்கள் தம் கணினிகள் அனைத்துக்கும் மொத்தமாக அனுமதி பெறுகின்றன. அவ்வனுமதியில் ஒரு வகை 180 நாட்களுக்கே செல்லும். அந்நிறுவனத்தின் சேவையகத்தோடு கணினி இடையிடையே தொடர்புகொண்டு அதனைப் புதுப்பித்தல் வேண்டும். நிறுவனத்தைச் சேராத கணினிக்குப் புதுப்பிப்பார் யார்? எமது வீட்டு மேசையில் இருந்த கணினி, தான் சேராத ஒரு நிறுவனத்தின் பெயரால் ஆறு மாதம் ஓடியிருக்கின்றது!

கடைக்காரரிடம் சென்றோம். அவர் சிரித்தார். "இதற்கு ஏன் மாஸ்டர் கவலை? ஒரு சின்னப் புரோகிராம் இருக்கிறது. ஐந்து நிமிட வேலை. அதைப் போடும்போது வைரஸ் தடுப்பை மட்டும் கொஞ்ச நேரம் நிறுத்திவைக்க வேண்டும்" என்றார். காவல்நாயைக் கட்டிவைத்துவிட்டு முன்பின் அறியாதவனை வீட்டுக்குள் அழைக்கும் இவ்யோசனை எமக்குச் சரியாகப் படவில்லை. எனினும், ஐந்து நிமிடத்திற் காரியம் முடியுமே என்ற சபலமும் இல்லாமல் இல்லை.

அன்றிரவு மகளிடம் இதனைக் கூறினோம். அவள் சிறிது நேரம் பேசாமல் இருந்தாள். பின்பு, "அப்பா, பக்கத்தில் இருப்பவரின் விடைத்தாளைப் பார்த்து எழுதினால் நீங்கள் தாளைப் பறித்துவிடுவீர்கள்தானே? இது அதிலிருந்து எப்படி வேறு?" என்று கேட்டாள்.

இருபத்தாறு ஆண்டுகள் பரீட்சை மண்டபங்களில் நடந்து திரிந்த எமக்கு விடை வரவில்லை. அவள் குத்திக்காட்டவுமில்லை, உண்மையாகவே அறிய விரும்பிக் கேட்டாள். பிள்ளைகள் நாம் சொல்வதைக் கேட்கிறார்களோ இல்லையோ, நாம் செய்வதைப் பார்க்கிறார்கள். கடைக்காரரின் ஐந்து நிமிடத்தை அவ்விடத்திலேயே கைவிட்டோம்.

அப்படியாயின் செய்வது என்ன? மகளே வழி கண்டாள். 2012இல் விண்டோஸ் 8 வந்த காலம் முதல், கணினி செய்வோர் அந்தக் கணினிக்கென விலைகொடுத்துப் பெற்ற திறவுச்சாவியைத் தாய்ப்பலகையிலுள்ள சில்லொன்றிற் பதித்தே விற்கும் வழக்கம் பரவியது. ஐந்தைந்தாக இருபத்தைந்து எழுத்தும் இலக்கமும் கொண்டது அச்சாவி. வன்தட்டை அழித்தாலும் அது அழிவதில்லை. அவள் ஒற்றைவரிக் கட்டளையொன்றைத் தட்டச்சுச் செய்ததும், இயந்திரம் தன் பிறப்புச் சான்றிதழைக் காட்டிற்று. அதில் 'கோர்' என்று இருந்தது. விண்டோஸைச் செய்தோர் ஹோம் பதிப்புக்குத் தமக்குள்ளே வழங்கும் பெயர் அது. கோர் என்னும் ஆங்கிலச் சொல்லுக்குக் கரு, உள்ளீடு என்று பொருள்.

ஆகவே, எமது கணினி ஹோம் பதிப்பாகவே பிறந்தது. அதற்குரிய விலையும் முதல் உரிமையாளரால் முறையாகச் செலுத்தப்பட்டிருக்கிறது. எவரோ அதனை மறைத்து, அதன்மேல் உரிமையில்லாத பெரிய பதிப்பைப் போர்த்தியிருக்கிறார்கள். "இரவற் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்தாளாம்" என்று எம் தாயார் அடிக்கடி கூறுவார். அப்பழமொழியின் பொருள் அன்று திரையில் ஒளிர்ந்தது.

இனி என்ன, சொந்தச் சாவியைக் கொடுத்தால் ஹோம் வந்துவிடும் என்று எண்ணினோம். அங்கேதான் தடை. ஹோமிலிருந்து புரோவுக்கு ஏறுவதாயின் புதிய சாவியொன்றைக் கொடுத்தாற் போதும். கோப்புகளும் மென்பொருள்களும் இருந்தபடியே இருக்கும். என்டர்பிரைஸிலிருந்து புரோவுக்கு இறங்கவும் சாவியை மாற்றும் வழி உண்டு. ஆனால் ஹோம் வரை இறங்க அவ்வழி இல்லை. நிறுவும் நிரலை ஓடவிட்டபொழுது, எவற்றை வைத்துக்கொள்வது என்று அது கேட்டது. கோப்புகளும் மென்பொருள்களும், கோப்புகள் மட்டும், ஒன்றுமில்லை என மூன்று விடைகள் இருந்தன. முதலிரண்டும் மங்கியிருந்தன. தெரிவு செய்யக்கூடியதாய் இருந்தது 'ஒன்றுமில்லை' என்பதொன்றே.

இதற்கு நியாயமும் உண்டு. ஏறும்பொழுது இருந்த வீட்டிலேயே மேலதிக அறைகள் திறக்கப்படுகின்றன. இறங்கும்பொழுதோ, மேற்பதிப்பில் அமைந்த கட்டுப்பாட்டு விதிகளையும் நிறுவன வலையமைப்பின் ஒழுங்குகளையும் ஏற்று நடத்தும் பகுதிகள் கீழ்ப்பதிப்பில் இல்லை. ஆகையால் வீட்டை வெறுமையாக்கிப் புதிதாகக் குடிபுகுதலே முறை.

குடிபெயர்தல் எமக்குப் புதிதன்று. இந்நாட்டுத் தமிழ்க் குடும்பங்களிலே, எதை எடுப்பது எதை விடுவது என்று ஒரு பொழுதில் முடிவு செய்ய நேராத குடும்பம் எத்தனை? 1995ஆம் ஆண்டின் இடப்பெயர்விலே நாமும் இரண்டு பைகளோடு சாவகச்சேரி வீதியில் நடந்தவர்கள்தாம். இம்முறை நேரம் இருந்தது. ஆகவே பட்டியல் ஒன்று எழுதி ஆறுதலாகச் செய்வோம் என்று தீர்மானித்தோம்.

மகள் அப்பியாசக் கொப்பியில் எழுதினாள்: பாடக் குறிப்புகள், பைதன் நிரல்கள், செயற்றிட்டம், குடும்பப் படங்கள், எமது வினாத்தாள்கள். அவற்றை வெளிவன்தட்டு ஒன்றிற் பிரதி செய்தாள். அவளிடம் பிட்லொக்கர் என்னும் பூட்டினாற் பூட்டிய பென்டிரைவ் ஒன்றும் இருந்தது. தம்பியின் குறும்புக்கு அஞ்சிச் செய்த ஏற்பாடு அது. அப்பூட்டைப் புதிதாய்ப் போடும் வசதி ஹோமில் இல்லை. ஆயினும் போட்ட பூட்டைக் கடவுச்சொல் கொடுத்துத் திறக்கலாம். கடவுச்சொல் மறந்தால் உதவுவதற்கு 48 இலக்கங்கள் கொண்ட மீட்புச் சாவி உண்டு. அதனையும் கொப்பியின் கடைசிப் பக்கத்திலே எழுதிக்கொண்டாள்.

நிறுவும் கோப்பினை இரவு நேரத் தரவிலே இறக்கி, 8 ஜிகாபைற்று பென்டிரைவில் ஏற்றினோம். ஞாயிற்றுக்கிழமை காலை உணவின்பின் எல்லோரும் மேசையைச் சூழ்ந்தோம். பென்டிரைவிலிருந்து கணினி தொடங்கிற்று. பழைய வன்தட்டுப் பிரிவுகளை அழிக்கலாமா என்ற இடம் வந்தது. அழித்தால் மீளாது. மகளின் விரல் அதனை அழுத்தும் தறுவாயில், சுவரோரம் நின்ற மகன், "அக்கா, அப்பாச்சியின் பாட்டு எங்கே?" என்றான்.

எவரும் அசையவில்லை.

எம் தாயார் அவ்வாண்டு வைகாசியில் இறைவனடி சேர்ந்தவர். அதற்கு முன், பங்குனி மாதத்திலே, மகள் பாடசாலைச் செயற்றிட்டமொன்றுக்காக அவருடைய குரலைக் கைப்பேசியிற் பதிந்து கணினிக்கு மாற்றியிருந்தாள். மொத்தம் பதினொரு பதிவுகள். தாலாட்டு இரண்டு, ஒடியற் கூழ் காய்ச்சும் முறை ஒன்று, தாம் சிறுமியாய் இருந்தபொழுது மாட்டுவண்டியில் வல்லிபுரக் கோயிலுக்குச் சென்ற கதை ஒன்று, மற்றவை வீட்டுப் பேச்சு. அக்கைப்பேசி பின்னர் பழுதாகிவிட்டது. அவருடைய குரல் இவ்வுலகில் அந்த வன்தட்டில் மட்டுமே இருந்தது.

"நான் எல்லாக் கோப்புறைகளும் எடுத்தேனே" என்றாள் மகள். அவள் குரல் நடுங்கிற்று. வெளிவன்தட்டை வேறொரு கணினியிற் பார்ப்பதற்காக அயல் வீட்டுக்கு ஓடினாள். அதில் அப்பதிவுகள் இல்லை. நிறுவலைக் கைவிட்டுப் பழைய விண்டோஸை மீண்டும் தொடங்கினோம். சாம்பல் எழுத்துகள் மூலையிலே தோன்றின. அதுகாறும் வெறுத்த அவ்வெழுத்துகளை அன்று கண்டபொழுது உயிர் வந்தாற்போல் இருந்தது. முக்கால் மணி நேரம் தேடினோம். ஒலியைத் திருத்தும் மென்பொருளுக்காக அவசரத்தில் உண்டாக்கிய கோப்புறையொன்று, 'தற்காலிகம்' என்று பொருள்படும் பெயரோடு ஓர் ஓரத்திற் கிடந்தது. பதினொரு பதிவுகளும் அதற்குள் இருந்தன.

எம் இல்லாள் ஒன்றும் பேசாமல் அடுக்களைக்குச் சென்று தேநீர் ஊற்றினாள். மகள் மேசையிலே தலை கவிழ்ந்து அழுதாள். நாம் அவளைத் தேற்றினோமாயினும், எம்மைத் தேற்றுவார் எவரும் இருக்கவில்லை. பட்டியலை எழுதியது அவள். அதனை மேற்பார்வை செய்தது நாம். வினாத்தாள்களை மறவாத எமக்குத் தாயின் குரல் நினைவுக்கு வரவில்லை. பதினொரு வயதுச் சிறுவனுக்கு வந்தது.

பதிவுகளை வெளிவன்தட்டில் ஒன்று, பென்டிரைவில் ஒன்று, கொழும்பிலுள்ள எம் தங்கைக்கு இணையத்தின் வழியே ஒன்று என மூன்றிடங்களில் வைத்தோம். மூன்றையும் திறந்து கேட்டுப் பார்த்தோம். பிரதி செய்வது வேறு, செய்த பிரதி சரியாக உள்ளதா என்று பார்ப்பது வேறு. மாணவர்கள் இதனை நினைவில் இருத்துவது நன்று. மாலை நான்கு மணிக்கே மீண்டும் இறங்கத் தொடங்கினோம்.

அதன்பின் நிகழ்ந்ததைக் கூற அதிகம் இல்லை. எந்தப் பதிப்பு வேண்டும் என்று நிறுவும் நிரல் எம்மைக் கேட்கவேயில்லை. தாய்ப்பலகையிலிருந்த சாவியைத் தானே வாசித்து, ஹோம் பதிப்பை நிறுவிற்று. ஹோமை முதன்முறை அமைக்கையில் இணைய இணைப்பும் மைக்ரோசொப்ட் கணக்கொன்றும் வேண்டும். அவை ஆயத்தமாய் இருந்தன. ஒரு மணி நேரத்துள் திரை வந்தது. மூலையில் எழுத்து எதுவும் இல்லை. மென்பொருள்களை ஒவ்வொன்றாக மீண்டும் நிறுவுவதற்கு இரண்டு நாட்கள் பிடித்தன.

இறங்கியதனால் நாம் இழந்தவை எவை என்று ஒரு கணக்குப் பார்த்தோம். தூரத்திலிருந்து எமது கணினியை இயக்க விடும் வசதி ஹோமில் இல்லை. நிறுவன வலையமைப்பிற் சேர்வதும், கட்டுப்பாட்டு விதிகளைத் திருத்தும் கருவியும், ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியை ஓடவிடும் ஹைப்பர்-வியும் இல்லை. அந்த ஆறு மாதத்தில் இவற்றுள் எதனையும் நாம் தொட்டதில்லை. பைதன் முன்போலவே ஓடுகின்றது. கட்டுரையும் கணக்கும் இணையமும் முன்போலவே நடைபெறுகின்றன. நாம் இழந்தது, அயல் வீட்டாரிடம் பேசிய பெருமிதம் ஒன்றே. பெற்றது, மகளின் முகத்தை நேரே நோக்கும் உரிமை.

பெரிய பதிப்பு தீயது என்று கூறுவது எம் கருத்தன்று. அதனை வேண்டுவோர் உரிய விலை கொடுத்துப் பெறுவது முறையே. பாவித்த கணினி வாங்குவோருக்கு மாத்திரம் ஒன்று கூற விரும்புகின்றோம். உள்ளே இருப்பது எந்தப் பதிப்பு, அதன் உரிமை யாருடையது என்பதை வாங்கும் அன்றே கேளுங்கள். அன்றே இறங்கியிருப்பின், எமக்கு இழப்பதற்கு ஒன்றும் இருந்திராது. ஆறு மாத வாழ்வை இரவல் வீட்டில் வைத்தபின் இறங்கியதாலேயே, தாயின் குரலை இழக்கும் எல்லை வரை சென்று திரும்பினோம்.

அன்றிரவு உணவின்பின், மகள் கணினியைத் திறந்து ஒடியற் கூழ்ப் பதிவை ஓடவிட்டாள். ஒடியல் மாவை எவ்வளவு நேரம் ஊறவைப்பது, புளியை எப்பொழுது கரைத்து விடுவது என்று எம் தாயார் நிதானமாகச் சொல்லிக்கொண்டு போனார். நடுவிலே இருமல் வந்தது. "இதையும் பதியிறியோ, பிள்ளை?" என்று கேட்டார். மகள் அதனை நிறுத்தவில்லை. கூழ் காய்ச்சி முடியும் வரை நால்வரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.